நெடுந்தீவுப் படகில் ஒரு சின்னப் பெட்டி

குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம். குமுதினிப் படகின் எஞ்சின் இரைச்சலில் பக்கத்தில் இருப்பவர் கதைப்பதே கேளாது. காதுக்குள் இறுக்கிச் செருகும் இயர்போன் இருந்தால்தான் பாட்டு.

என் எம்பி3 பிளேயர் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. விளிம்பில் 'ஹோல்ட்' என்றொரு தள்ளு பொத்தான். இறங்குதுறையிலேயே அதைத் தள்ளிவிட வேண்டும். மறந்தால் நெரிசலில் சட்டைப் பைக்குள் பாட்டு தன்பாட்டில் மாறும். எஃப்எம் கேட்கவும் இயர்போன் வேண்டும், அந்த வயர்தான் அன்டெனா. 1 ஜிபிக்குள், 128 கேபிபிஎஸ் தரத்தில், 17 மணி நேரப் பாட்டு அடங்கும்!

1990களில் யாழ்ப்பாணத்துக்குப் பற்றரி வரத் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, கையால் பெடலைச் சுற்றி, டைனமோ மின்சாரத்தில் கேட்ட காலம் அது. சுற்றுகிறவனின் கை களைத்தால் கசெற்றில் பாடுகிறவரும் இழுத்து இழுத்துப் பாடுவார். உடனே எல்லாரும் அவனைப் பேசுவோம்.

இப்போது திரையில் பற்றரிக்கு மூன்று கோடு. தீவு தெரியத் தொடங்கியும் ஒன்றுகூடக் குறையவில்லை. பயமெல்லாம் உப்புக்காற்றுக்குத்தான். இயர்போன் முனையில் பச்சை பூத்துவிட்டால் ஒரு காதில் மட்டுமே பாட்டு வரும். கேட்டு முடிந்ததும் துடைத்து, பொலித்தீன் பைக்குள் போட்டு முடிந்து வைப்பேன், வெற்றிலை முடிகிற மாதிரி.