ரெண்டு ஆரஞ்சு மாத்திரை, ஒரு பச்சை கேப்ஸ்யூல்

காவலர் தேர்வு நெருங்கிவிட்டால் கள்ளக்குறிச்சியைச் சுற்றி விடியற்காலையில் ஓடும் பையன்கள் கூடிவிடுவார்கள். 1500 மீட்டரை 7 நிமிஷத்துக்குள் முடிக்கணும், கயிறு ஏறணும். கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வந்து ரூம் எடுத்துத் தங்கிப் பயிற்சி எடுக்கிறவர்களும் இதில் உண்டு. சிலர் மெடிக்கலில் வாங்கிய 500 மி.கி. வைட்டமின் சி மாத்திரையை, அந்த ஆரஞ்சு கலர் சப்பிச் சாப்பிடுவதைத்தான், காலையில் ஒன்று ராத்திரி ஒன்று என்று போடுகிறார்கள். கூடவே 400 என்று போட்ட பச்சைக் கலர் வைட்டமின் ஈ கேப்ஸ்யூல். ஏன் தம்பி என்று கேட்டால், "ஆன்டிஆக்ஸிடன்ட்ணா. களைப்பு தெரியாது, தசை சீக்கிரம் ரெக்கவர் ஆயிடும்."

எனக்கு இதில் கண்ணில் பட்டது அந்த டோஸ். ஏறக்குறைய இதே அளவைத்தான், அதாவது தினம் 1000 மி.கி. சி, 400 யூனிட் ஈ, ஜெர்மனியில் மைக்கேல் ரிஸ்டோவ் குழு இளைஞர்களுக்கு 4 வாரம் கொடுத்து, உடற்பயிற்சியும் செய்யவைத்து, 2009-ல் முடிவை வெளியிட்டது. மாத்திரை போடாதவர்களுக்குப் பயிற்சியால் இன்சுலின் உடம்பில் நன்றாக வேலை செய்ய ஆரம்பித்தது. போட்டவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை.

டப்பாவில் அச்சடித்த கதையில் ஃப்ரீ ராடிக்கல்தான் வில்லன். உடம்பில் அப்படி இல்லை. ஓடும்போது தசையில் உண்டாகும் ஃப்ரீ ராடிக்கல், "வேலை ஜாஸ்தியாயிடுச்சு, ஆளைக் கூட்டு" என்று செல்லுக்குப் போகும் தகவலும்கூட. அதைக் கேட்டுத்தான் செல் மைட்டோகாண்ட்ரியாவைப் பெருக்குகிறது, தனக்கான பாதுகாப்பு என்சைம்களையும் தயார் செய்கிறது. வெளியிலிருந்து கொட்டும் மாத்திரை அந்தத் தகவலையே அமுக்கிவிடலாம் என்பதுதான் வாதம்.

இதைப் பிடித்துக்கொண்டு "வைட்டமின் மாத்திரை போட்டா ஸ்டாமினா போயிடும்" என்று வீடியோ போடுகிறவர்களையும் நம்ப வேண்டாம். நார்வேயில் பால்சன் குழு 54 பேருக்கு 11 வாரம் சி, ஈ கொடுத்துப் பார்த்த ஆய்வு 2014-ல் வந்தது. மாத்திரை போட்டவர்களின் தசையில் மைட்டோகாண்ட்ரியா சம்பந்தப்பட்ட புரதங்கள் குறைவாகவே கூடின. ஆனால் ஓட்டத் திறன் இரண்டு குழுவுக்கும் ஒரே மாதிரிதான் முன்னேறியது. ஆக, ஓட்டத்துக்குக் கெடுதல் நிரூபணமாகவில்லை. நன்மை? அதுவும் இல்லை. தசை வலிக்காவது உதவுமா என்று 2017-ல் காக்ரேன் அமைப்பு 50 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. 1089 பேர், அதில் 961 பேர் ஆண்கள். வலி குறைந்த அளவு, போட்டவருக்கே தெரியாத அளவு.

இந்த இடத்தில் "கெமிக்கல் வேண்டாம், நம்ம கடுக்காய் இருக்கே" என்று ஒரு குரல் வரும். கல்வராயன் மலையின் பேர்பெற்ற சரக்கு அது. அதன் ஆன்டிஆக்ஸிடன்ட் சக்தி பற்றிக் கட்டுரைகளும் நிறைய. பெரும்பாலானவற்றில் நடப்பது இதுதான்: டி.பி.பி.எச். என்ற ஊதாக் கரைசலில் மூலிகைச் சாற்றை விடுவார்கள், ஊதா மங்கி மஞ்சளாகும், எவ்வளவு மங்கியது என்று அளப்பார்கள். சோதனைக் குழாய்க்குள் நடந்த சங்கதி. ஓடுகிறவனின் தொடையில் என்ன ஆகும் என்று அதிலிருந்து சொல்ல முடியாது. கடுக்காய்ச் சாறும் இரும்பும் சேர்ந்தால் கறுப்பு மை ஆகும் என்பது நம் ஊரில் பழைய சமாச்சாரம். கடுக்காயின் டானின் இரும்பைப் பிடித்துக்கொள்கிறது. சாப்பாட்டோடு சேர்ந்தால் வயிற்றிலும் அதையே செய்யும்.

இரும்பைச் சும்மா இழுக்கவில்லை. மேலே சொன்ன ஆய்வுகள் பெரும்பாலும் வயிறாரச் சாப்பிட்ட ஆரோக்கியமான ஆட்கள் மேல் நடந்தவை. நம் நாட்டிலோ 15 முதல் 49 வயது ஆண்களில் நாலில் ஒருவருக்கு ரத்தசோகை என்கிறது 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. ஹீமோகுளோபின் குறைந்தவனுக்குத் தசைக்குப் போகும் ஆக்சிஜனே குறைவு. அவன் மூன்றாவது ரவுண்டில் திணறுவதற்குப் பச்சை கேப்ஸ்யூல் என்ன செய்யும்? மாசக் கடைசியில் முட்டைக் காசைப் பிடித்து அதை வாங்குகிறான் என்பதுதான் என் கோபம்.

வைட்டமின் சி-க்கு இங்கே ஒரு நிஜமான வேலை உண்டு. கீரை, பருப்பு, சிறுதானியத்தில் இருக்கும் இரும்பை உடம்பு எடுத்துக்கொள்ள அது உதவும். அதற்கு 1000 மி.கி. வேண்டாம். ஆண்களுக்கு நாளைக்கு 80 மி.கி. என்கிறது ஐ.சி.எம்.ஆர். 100 கிராம் கொய்யாவில் 200-க்கு மேல் இருக்கிறது. (நெல்லிக்காய்க்குப் பழைய அட்டவணையில் 600, 2017 அட்டவணையில் 252. குறைந்ததே போதும்.) சாப்பாட்டோடு ஒரு கொய்யா, சாப்பிட்ட கையோடு டீ வேண்டாம்.

ஹீமோகுளோபின் டெஸ்ட் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசில்லாமல் எடுக்கலாம். குறைவு என்று வந்தால் டாக்டர் சொல்கிற இரும்புச் சத்து மாத்திரையை, சொன்ன நாள் வரைக்கும் விடாமல் போடணும். அதையும் டீயோடு விழுங்காதீர்கள்.