வரைபடமும் செய்முறையும்: கருவளர்ச்சியைப் பொதுவாசகருக்கு எடுத்துரைத்தல்

பொதுவாசகருக்கான அறிவியல் எழுத்துகளில், தமிழிலும் ஆங்கிலத்திலும், மரபணுத்தொகுதியை உடலின் ‘வரைபடம்’ எனக் குறிப்பது வழக்கமாகிவிட்டது. இவ்வுவமை பொருந்தாதது மட்டுமன்று, தீங்கும் விளைவிப்பது என்பதே இக்கட்டுரையின் வாதம். இதனை ஆராய, லூயிஸ் வோல்பர்ட் எழுதிய ‘தி ட்ரையம்ப் ஆஃப் தி எம்பிரியோ’ (1991) என்னும் நூலை எடுத்துக்கொள்கிறேன். 1986இல் இலண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் இளையோருக்குக் கிறிஸ்துமஸ் பொழிவுகளை ஆற்றியவர் அவர்.

தென்னாப்பிரிக்காவில் பிறந்த வோல்பர்ட் முதலில் பயின்றது குடிசார் பொறியியல். வரைபடம் எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பது அவருக்குத் தெரியும். வரைபடம் முடிந்த உருவத்தை விவரிக்கிறது. கருமுட்டையிலோ அத்தகைய விவரணை எங்கும் இல்லை. எனவே அவர் ஜப்பானியரின் காகித மடிப்புக் கலையை உவமையாக்குகிறார். மடிக்கும் வரிசையைச் சொன்னால் போதும், பறவை உருவாகிவிடும். அலகையோ சிறகையோ அந்த ஆணைகளில் தேடினால் கிடைக்காது. கருவிலும் உயிரணுத் தாள்கள் மெய்யாகவே மடிவதால், இது பாதி உவமை, பாதி உண்மை.

அவரது புகழ்பெற்ற மற்றோர் உவமையான பிரெஞ்சுக் கொடி எனக்கு அத்துணை நிறைவளிக்கவில்லை. (புதுச்சேரி வாசகர் என்னோடு மாறுபடலாம்.) ஒரு வேதிப்பொருளின் செறிவைக் கொண்டு உயிரணு தன் இடத்தை அறிந்து நீலமோ வெள்ளையோ சிவப்போ ஆகிறது என்பது அக்கருத்து. 1988இல் பழ ஈயின் கருவில் பைக்காய்டு புரதத்தின் செறிவுச் சரிவு காட்டப்பட்டபின் அதன் மதிப்பு மேலும் உயர்ந்தது. ஆய்வாளர்க்கு அது பெரும்பயன் தந்தது. ஆயினும் கொடி என்றதும் பொதுவாசகரின் மனத்தில் எழுவது முன்னரே தைத்துவைத்த ஒரு படம். விலக்கிய வரைபடம் கொல்லைப்புறமாக மீண்டும் நுழைந்துவிடுகிறது.

தமிழில் எழுதுவோர்க்குக் கோலம் கைவசம் உள்ளது. புள்ளிக்கணக்கும் வளைவுமுறையும் தெரிந்தால் உருவம் தானே விளைகிறது. ஆனால் கோலத்தை இடும் கை புறத்தே நிற்கிறது. கருவுக்கு அக்கை இல்லை. ஒவ்வொரு புள்ளியும் அண்டைப் புள்ளியைக் கேட்டுத் தன் வளைவைத் தானே இட்டுக்கொள்ளும் கோலம் என்றே சொல்ல வேண்டும்.

இது வெறும் நடைச் சிக்கலன்று. வரைபடம் என்று நம்புவோர்க்குக் குறையோடு பிறந்த குழந்தை, பெற்றோர் தந்த பிழையான வரைபடமாகிவிடுகிறது; நம்மிடையே அப்பழி பெரும்பாலும் தாய்மேல் விழுவதை அறிவோம். மேற்கு ஜெர்மனியில் 1957 முதல் 1961 வரை விற்பனையில் இருந்த தாலிடமைடு மருந்தால், பல நாடுகளில் ஆயிரக்கணக்கான குழந்தைகள் கைகால் குறைந்து பிறந்தனர். அக்குறைக்குக் காரணம் மரபணுப் பிழையன்று. கருவுற்ற நான்காம், ஐந்தாம் வாரங்களையொட்டிய சில நாள்களில் செய்முறை குலைந்தது. வரைபட உவமையில் இந்நாள்களுக்கு இடமே இல்லை.

சொல்லாட்சியிலும் ஓர் இடறல் உண்டு. முட்டையிலுள்ள உணவை மஞ்சட்கரு, வெள்ளைக்கரு என்கிறோம். மஞ்சளே குஞ்சாகிறது என்ற எண்ணத்துக்கு இச்சொற்கள் இடந்தருகின்றன. உண்மையில் குஞ்சாவது மஞ்சளின் மேல் வெண்புள்ளியாகத் தெரியும் சிறு வட்டு. மக்கள் நாவிலுள்ள சொல்லைக் கலைச்சொற் குழுக்கள் மாற்ற முனைய வேண்டா. மூன்று நாள் அடைகாத்த முட்டையொன்றைத் திறந்து காட்டினால், துடிக்கும் இதயத்தையும், அதிலிருந்து மஞ்சளின்மேல் பரவி உணவெடுக்கும் குருதிக்குழாய்களையும் சிறுவரே கண்டுகொள்வர்.