தமிழ்ச் சித்திரக்கதைத் துறையும் மண்சார் படைப்பாளரும்: செங்கம் நடுகற்களை முன்வைத்து ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

தமிழ்ச் சித்திரக்கதைத் துறை பிரித்தானிய வார இதழ்களின் கதைகளை மொழிபெயர்த்து வாசகர்களைத் திரட்டியது. அக்கதைகளை ஆக்கியவர்களும் தமிழ் ஓவியர்களும் அவ்வாசகர்களால் பெரிதும் அறியப்படவில்லை. மண்சார் படைப்பாளர் வளராமைக்குத் திறமைக் குறைவோ மரபின்மையோ காரணம் அன்று, ஆக்கியோன் பெயருக்கும் உரிமைக்கும் துறை அளித்த இடமே காரணம் என இக்கட்டுரை வாதிடுகிறது.

திறவுச்சொற்கள்: சித்திரக்கதை, முத்து காமிக்ஸ், இரும்புக்கை மாயாவி, நடுகல், சவ்வாது மலை, ஆக்கியோன் பெயர்.

முன்னுரை

தமிழில் சொந்தச் சித்திரக்கதைகள் ஏன் பெருகவில்லை என்னும் வினாவுக்கு இருவகை விடைகள் கூறப்படுகின்றன. படமும் எழுத்தும் இணைந்த கதைமரபு நமக்கு இல்லை என்பது ஒன்று. மரபு இருந்தும் திறமையுடையோர் இல்லை என்பது மற்றொன்று. சவ்வாது மலைத்தொடருக்குத் தெற்கே பரந்துள்ள செங்கம் வட்டாரத்தின் நடுகற்கள் முதல் விடையை மறுக்கின்றன. தமிழ்ச் சித்திரக்கதையின் அரை நூற்றாண்டு வரலாறு இரண்டாவது விடையை மறுக்கிறது.

நடுகல்லில் படமும் எழுத்தும்

எடுத்தனூர் நடுகல் இங்குக் கருதத்தக்கது. மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த இக்கல், ஆநிரை மீட்டு உயிர்நீத்த கருந்தேவக்கத்தி என்னும் வீரனுக்கு எடுக்கப்பட்டது. படைக்கலம் ஏந்திய வீரனின் உருவத்துடன் அவன் நாயின் உருவமும் செதுக்கப்பட்டுள்ளது. கோவிவன் என்னும் அந்நாய் கள்ளர் இருவரைக் கடித்துக் காத்து நின்ற செய்தியை வட்டெழுத்துக் கல்வெட்டு கூறுகிறது. படம் காட்டாத பெயரையும் நிகழ்ச்சியையும் எழுத்து தருகிறது. எழுத்து கூறாத தோற்றத்தைப் படம் தருகிறது. ஒன்றை நீக்கினால் மற்றொன்று குறைபடும்.

இதனைக் கொண்டு சித்திரக்கதை தமிழரின் கண்டுபிடிப்பு எனப் பெருமை கொள்வது பயனற்றது. அடுத்தடுத்த கட்டங்களாகக் காலத்தை நகர்த்துவது சித்திரக்கதையின் அடிப்படை. நடுகல்லோ பெரும்பாலும் ஒரே கட்டத்தில் நின்றுவிடுவது. ஆயினும் படத்தையும் எழுத்தையும் ஒருங்கே வாசிக்கும் பழக்கம் இம்மண்ணுக்கு அயலானது அன்று என்பதற்கு இச்சான்று போதும்.

எடுத்தனூர்க் கல் மற்றொன்றையும் உணர்த்துகிறது. அதில் அரசனுக்கும் வீரனுக்கும் நாய்க்கும் பெயர் உண்டு. உளி பிடித்தவனுக்குப் பெயர் இல்லை. தொல்காப்பியம் காட்சி முதல் வாழ்த்து ஈறாக ஆறு நிலைகளை வகுத்துரைக்கிறது. அவற்றுள்ளும் கல்லில் உருவம் வடித்தவன் தனித்துப் போற்றப்படவில்லை.

பெயரின்றி வந்த மாயாவி

சிவகாசியில் 1970களின் தொடக்கத்தில் தோன்றிய முத்து காமிக்ஸ், இரும்புக்கை மாயாவியைத் தமிழுக்குக் கொணர்ந்தது. மூலக்கதை 1962இல் பிரித்தானியாவின் 'வேலியண்ட்' வார இதழில் தொடங்கியது. ஆங்கிலத் தலைப்பு எஃகுக் கையை மட்டுமே சுட்டும். மின்தாக்குதலால் உடல் மறைந்து கை மட்டும் தெரியும் நாயகனுக்கு 'மாயாவி' எனப் பெயர் சூட்டியது தமிழ்ப் பதிப்பின் ஆக்கத்திறன். ஆனால் அக்கதையைத் தொடக்கத்தில் எழுதிய கென் புல்மர், பின்னர் எழுதிய டாம் டல்லி, வரைந்த ஹெசூஸ் பிளாஸ்கோ ஆகியோரின் பெயர்கள் மாயாவியின் பெயரைப் போல வாசகர் நாவில் வழங்கவில்லை.

இக்குறை தமிழ்ப் பதிப்பாளர்களிடம் தோன்றியதன்று. அக்கால பிரித்தானிய வார இதழ்களே ஆக்கியோர் பெயரைப் பொதுவாக அச்சிடவில்லை. பிளாஸ்கோ ஸ்பானியர். 'ஸ்பைடர்' கதைகளைப் பிற்பாடு எழுதிய ஜெர்ரி சீகல், சூப்பர்மேனை உருவாக்கிய இருவருள் ஒருவரான அமெரிக்கர். பிரித்தானியக் கதை என்று தமிழர் வாசித்தது பல நாட்டினரின் பெயரற்ற உழைப்பு.

1977இல் தொடங்கிய '2000 ஏ.டி.' இதழ் விரைவிலேயே எழுத்தாளர், ஓவியர் பெயர்களைக் கதைதோறும் அச்சிடத் தொடங்கியது. பெயர் அறியப்பட்டதும் ஆலன் மூர், டேவ் கிப்பன்ஸ், பிரையன் பொலண்ட் போன்றோரை அமெரிக்க நிறுவனங்கள் அழைத்துக்கொண்டன. பெயர் கிடைத்தது, பதிப்புரிமை கிடைக்கவில்லை. உரிமையற்ற இடத்தில் திறமை தங்கவில்லை. இன்று 'வேலியண்ட்', 'லயன்' ஆகிய இதழ்கள் இல்லை. 'டேண்டி' 2012இல் அச்சு வடிவத்தை நிறுத்தியது. பெயரும் உரிமையும் இணைந்தே படைப்பாளரை ஊரில் நிறுத்தும் என்பதே பிரித்தானிய அனுபவம் தரும் பாடம்.

தமிழ் ஓவியரின் நிலை

தமிழில் திறமைக்குப் பஞ்சம் இருந்ததில்லை. 1960இல் தினத்தந்தியில் தொடங்கிய 'கன்னித்தீவு' நாள்தோறும் தொடர்ந்து வருவது. முடிவில்லாத செயலுக்கு அதன் பெயரே மக்கள் வழக்கில் உவமையாயிற்று. ஆயினும் அதனை வரைந்த கணுவின் பெயரை அவ்வுவமையைக் கையாளுவோருள் எத்தனை பேர் அறிவர்? வாண்டுமாமா கல்கி, கோகுலம், பூந்தளிர் ஆகிய இதழ்களின் வழியே சித்திரக்கதைகளைப் படைத்தார். இதழ் நின்றபோது கதைகளின் மறுபதிப்பும் அரிதாயிற்று.

இதன் பொருளியல் எளியது. மொழிபெயர்ப்புக்கு வரையப்பட்ட படங்கள் ஆயத்தமாகக் கிடைக்கின்றன. உரிமத் தொகையும் மொழிபெயர்ப்பாளர் ஊதியமும் போதும். சொந்தக் கதைக்கோ எழுத்தாளர், ஓவியர் ஆகியோரின் பல மாத உழைப்புக்கு முன்கூட்டியே ஊதியம் வேண்டும். சிறு அச்சு எண்ணிக்கையில் இயங்கும் பதிப்பாளர் முன்னதைத் தேர்ந்தது புரிந்துகொள்ளத்தக்கது. அத்தேர்வு வாசகர்களை உருவாக்கியது என்பதையும் மறுக்க இயலாது. எனினும் அவ்வாசகர்கள் ஓவியரைப் பின்தொடராமல் நாயகனைப் பின்தொடரப் பழகினர். புதிய தமிழ் ஓவியர் ஒருவர் வரும்போது அவரைத் தேடும் வாசகர் இல்லாமற்போனதற்கு இதுவே காரணம்.

மாற்று வழி

சென்னையின் தாரா புக்ஸ் 2004இல் வெளியிட்ட பஜ்ஜு ஷியாமின் படநூலில் இலண்டனின் சுரங்க இரயில் மண்புழுவாகவும் பிக் பென் சேவலாகவும் உருமாறுகின்றன. நவயானா 2011இல் வெளியிட்ட 'பீமாயணம்' அம்பேத்கரின் வாழ்வைத் துர்காபாய் வியாம், சுபாஷ் வியாம் ஆகியோரின் கோண்டு ஓவியமரபில் கூறுகிறது. சதுரக் கட்டங்களுள் மாந்தரை அடைக்காமல் தம் மரபுக் கோலங்களால் பக்கத்தைப் பிரித்தமை இவர்களின் தனித்தன்மை. இந்நூல்களில் பழங்குடி ஓவியர் தகவலாளராக ஒடுங்காமல் நூலாசிரியராகவே நிற்கிறார்.

சவ்வாது மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினரின் வாய்மொழிக் கதைகளும் அவ்வட்டார நடுகற்களும் சித்திரக்கதைக்கு வளமான மூலங்கள். அவற்றைச் சமவெளியின் ஓவியர் எடுத்துக்கொண்டு, கதை சொன்னவரைப் பெயரின்றி விட்டால் பழைய குறையே மீளும். ஜமுனாமரத்தூரில் பயிலும் மாணவர் ஒருவர் வரைந்தால் அவர் பெயர் அட்டையில் அமைய வேண்டும்; மறுபதிப்பின் பயனும் அவரைச் சேர வேண்டும்.

முடிவுரை

தமிழ்ச் சித்திரக்கதையின் தேக்கத்தை மரபின்மையாலோ திறமைக் குறைவாலோ விளக்குவது பொருந்தாது. ஆக்கியோரைப் பெயரின்றி வைத்த தொழில்முறை பிரித்தானியாவில் உருவாகித் தமிழிலும் தொடர்ந்தது. அங்குப் பெயர் பின்னர் மீட்கப்பட்டது. 'ஸ்பைடர்' கதைகளின் அண்மை மறுபதிப்புகள் ஆக்கியோர் பெயருடனேயே வெளிவருகின்றன. தமிழிலும் பழைய கதைகளை மறுபதிப்பிப்போர் முதலில் செய்யத்தக்கது இதுவே. நாயின் பெயரைக் கல்லில் பொறித்துக் காத்த மண்ணில், ஓவியரின் பெயரைத் தாளில் அச்சிடுவது அரிய செயலன்று.