கலந்தாலோசனையும் கையொப்பமும்

கல்வி நிருவாகம் பற்றிய பாடநெறிகளிலே பங்கேற்புத் தலைமைத்துவம் என்னுந் தொடர் இன்று பெருவழக்குற்றுள்ளது. அதிபர் தனித்து ஆணையிடுபவராக இராது, ஆசிரியரையும் பெற்றோரையும் தீர்மானத்திற் பங்காளராக்குதல் வேண்டும் என்பதே அதன் சாரம். இக்கருத்தை மறுப்பார் எவருமிலர். மறுப்பாரின்மையே நம்மைச் சற்று ஐயுறத் தூண்டுகின்றது.

இக்கோட்பாட்டிற்குப் பாடசாலை சார்ந்த திட்டவட்டமான வடிவங் கொடுத்தவர்களுள் எட்வின் பிறிட்ஜஸ் குறிப்பிடத்தக்கவர். 1967 இல் அவர் எழுதிய கட்டுரை, செஸ்ரர் பேர்ணாட் 1938 இல் வெளியிட்ட நூலின் கருத்தொன்றை எடுத்தாள்கின்றது. மேலதிகாரியின் ஆணைகளுட் சிலவற்றைப் பணியாளர் வினாவின்றி ஏற்பர். அவை அவர்தம் அக்கறையின்மை வலயத்துள் அடங்குவன என்றார் பேர்ணாட். அவ்வலயத்துக்கு அப்பாற்பட்டவற்றிலேயே ஆசிரியரைக் கலந்தாலோசித்தல் பயன்தரும் என்பது பிறிட்ஜசின் வாதம். அதனை அறிவதற்கு இரு சோதனைகளை அவர் வகுத்தார். விடயம் ஆசிரியரைத் தொடுகின்றதா? அதுபற்றிக் கூறத்தக்க தேர்ச்சி அவரிடம் உண்டா?

எல்லாவற்றையும் எல்லாருங் கூடியே தீர்மானித்தல் வேண்டும் என்று கூறாமை இம்மாதிரியின் சிறப்பு. பாடசாலை விட்ட பின்னும் நீளும் ஆசிரியர் கூட்டங்களில் அமர்ந்து பழகியோர் இதனை நன்றியுடன் ஏற்பர். ஆயின், அச்சோதனைகளை நடத்துபவர் யார்? அதிபரே. யாரைக் கேட்பது என்னும் முதற்றீர்மானம் பகிரப்படாததாகவே எஞ்சிவிடுகின்றது.

இரண்டாஞ் சோதனை இன்னும் இடர்ப்பாடானது. சுன்னாகத்து அனல் மின்நிலையச் சூழலிலே நிலத்தடி நீரில் எண்ணெய் கலந்த செய்தியை நாம் அறிவோம். 2014, 2015 ஆம் ஆண்டுகளில் அது பெரும் பொதுப் பிரச்சினையாயிற்று. 2019 இல் உயர் நீதிமன்றம் மின் உற்பத்திக் கம்பனியொன்று இரண்டு கோடி ரூபா இழப்பீடு வழங்குதல் வேண்டுமெனத் தீர்ப்பளித்தது. அத்தகைய சூழலிலே பாடசாலைக் கிணற்று நீரைப் பிள்ளைகள் அருந்தலாமா என்பதில் தேர்ச்சியுடையவர் யார்? பட்டம் பெற்ற இரசாயனவியல் ஆசிரியரா, அயலிலே நாடோறும் நீரிறைத்துத் தோட்டஞ் செய்யும் தந்தையா? பின்னவரின் அறிவு எந்தச் சோதனையிலும் புலப்படாது. ஆயினும் நீரின் மணம் மாறியதை முன்னறியக்கூடியவர் அவரே.

நம் நாட்டிலே 2006 இல் தொடங்கிய பாடசாலை மேம்பாட்டு நிகழ்ச்சித்திட்டம் இக்கோட்பாட்டின் உள்ளூர் வடிவம். அதிபர், ஆசிரியர், பெற்றோர், பழைய மாணவர் ஆகியோரைக் கொண்ட அபிவிருத்திக் குழுக்கள் அதன்வழி அமைந்தன. பின்னர் நடந்த மதிப்பீடொன்று, நான்காந் தரத்துப் பிள்ளைகளின் கணிதம், ஆங்கிலப் பெறுபேறுகள் உயர்ந்தமையையும் எட்டாந் தரத்தில் அத்தகைய விளைவு காணப்படாமையையும் காட்டிற்று. பயன் இல்லையென்று கூறுதல் நேர்மையாகாது. ஆனால் ஆசிரியர் நியமனம், பாடத்திட்டம், பொதுப் பரீட்சை ஆகியன குழுவின் கைக்கு எட்டாதனவாகவே உள்ளன. வர்ணப்பூச்சுக்கும் தளபாடத் திருத்தத்துக்கும் கூடிக் கையொப்பமிடுவோர், கணித ஆசிரியர் வெற்றிடத்தைப் பற்றி மனு எழுதவே முடியும்.

பழங்காலத்தைப் போற்றுதலும் இதற்கு விடையன்று. சுன்னாகத்து ஸ்கந்தவரோதயாக் கல்லூரி 1894 இல் கந்தையா உபாத்தியாயரின் முயற்சியாற் பிறந்தது. ஊராரின் ஊக்கத்துக்கு அது சான்று. எனினும் உதவிபெறும் பாடசாலைகளிலே முகாமையாளரின் விருப்பத்தை நம்பியே பல ஆசிரியர் வாழ்ந்தனர். 1960, 1961 ஆம் ஆண்டுச் சட்டங்களின் வழி அரசு பாடசாலைகளைப் பொறுப்பேற்றபோது ஆசிரியருக்குத் தொழிற்பாதுகாப்பு வந்தது. தீர்மானமோ ஊரை விட்டுச் சென்றது. இவ்விரண்டையும் ஒருங்கே எண்ணாத பங்கேற்புக் கோட்பாடு குறையுடையது.

ஆகவே பிறிட்ஜசின் சோதனைகளுக்கு முன்னர் வேறொன்றை வைத்தல் தகும்: கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் ஒரு விடயத்தைச் சேர்க்க, அதிபரின் இசைவின்றி ஓர் ஆசிரியருக்கோ பெற்றோருக்கோ இயலுமா? அக்கறையின்மை வலயம் என நாம் கருதுவதிற் பெரும்பகுதி, கேட்டுப் பயனில்லை என்று அறிந்தவரின் மௌனமாகவும் இருக்கலாம். வெளியிலிருந்து நோக்குவார்க்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும்.