குளிர்கால டயர்

பாரிஸின் லா சப்பேலில் மாணிக்க விநாயகரைத் தரிசித்து, நான்கு சக்கரங்களுக்கும் எலுமிச்சம்பழம் வைத்துப் புதுக் காரை ஓட்டிச் செல்லும் நம்மவர், அந்தச் சக்கரங்கள் அணிந்திருக்கும் டயரைக் குனிந்து பார்ப்பது அபூர்வம். பாரிஸ் நகருக்குள் அது பெரிய குற்றமன்று. ஆனால் ஆல்ப்ஸ் முதலிய மலைப் பிரதேசங்களில் குறித்துவைத்த ஊர்களுக்குள், நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை, குளிர்கால டயரோ சங்கிலியோ வேண்டுமென்று 2021 முதல் சட்டமே இருக்கிறது.

இந்த டயரின் சௌந்தர்யம் விரலால் அழுத்தினால் தெரியும். 7 டிகிரிக்குக் கீழே சாதாரண ரப்பர் பழஞ்செருப்பின் அடிபோல் விறைத்துப்போக, இதுவோ மிருதுவாகவே இருந்து, மேனியெங்கும் கத்தியால் கீறினாற்போன்ற சூட்சுமமான பிளவுகளால் பனியைக் கவ்விக்கொள்கிறது. எஞ்சின் முன்னே கனக்க, உந்தும் சக்கரங்கள் பின்னே இலேசாகக் கிடக்கும் பழைய மெர்சிடிஸ், பீ.எம்.டபிள்யூ வண்டிக்காரர்கள் சிலர், பின்னால் மட்டும் இரண்டை மாற்றிச் சிக்கனம் பண்ணுவதுண்டு. விபரீத புத்தி! வண்டியைத் திருப்புவதும், பெரும்பாலும் நிறுத்துவதும் முன் சக்கரங்களல்லவா? ஆகவே, பக்கச் சுவரில் மூன்று சிகரமும் நடுவே ஒரு பனிப்பூவும் பொறித்த முத்திரை இருக்கிறதா என்று பார்த்து, நான்கையும் ஒன்றாகவே வாங்குங்கள்.