ரயில்வே கோப்பை: மாகாண ஹர்லிங்கின் நிறையும் குறையும்

அயர்லாந்தின் மன்ஸ்டர், லென்ஸ்டர், கானட், அல்ஸ்டர் என்னும் நான்கு மாகாணங்களும் ஹர்லிங் ஆட்டத்தில் மோதிய ரயில்வே கோப்பைப் போட்டி 1927-ல் தொடங்கியது. அணிக்கு 15 பேர். ஆஷ் மரத்தில் செய்த வளைந்த மட்டை. சிறிய, கடினமான தோல் பந்து. இரண்டு அரையிறுதி, ஓர் இறுதி என மூன்றே ஆட்டங்களில் பருவம் முடிந்துவிடும். பல பத்தாண்டுகள் மார்ச் 17, புனித பாட்ரிக் நாளில், டப்ளினின் குரோக் பார்க் அரங்கில் இறுதியாட்டம் நடந்தது. 1954-ல் அதைப் பார்க்க ஏறத்தாழ 50,000 பேர் திரண்டனர்.

இந்தப் போட்டியின் மதிப்பை உணர, ஹர்லிங்கின் அமைப்பைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆட்டக்காரர்கள் சம்பளம் வாங்குவதில்லை. அவர்களை விலைக்கு வாங்கும் சந்தையும் இல்லை. பெரும்பாலும் பிறந்து வளர்ந்த கவுண்டிக்கே, அதாவது மாகாணத்தின் உட்பிரிவுக்கே, ஒருவர் கடைசிவரை ஆடுகிறார். கார்க், டிப்பரேரி, கில்கென்னி போன்ற வலுவான கவுண்டிகளில் பிறந்தவருக்கு, கவுண்டிகளின் உச்சப் பட்டமான அகில அயர்லாந்துப் பட்டம் எட்டும் தூரத்தில் இருக்கும். நலிந்த கவுண்டியில் பிறந்தவர் எவ்வளவு திறமைசாலி என்றாலும் பெரிய மேடை கிடைக்காமலே ஓய்வுபெற நேரிடும்.

கிளேர் கவுண்டியின் ஜிம்மி ஸ்மித் அப்படிப்பட்டவர். கிளேர் 1914-ல் அகில அயர்லாந்துப் பட்டம் வென்றது. அடுத்த பட்டத்துக்கு 1995 வரை காத்திருந்தது. இந்த நீண்ட வறட்சியின் நடுவில் ஆடிய ஸ்மித்துக்குக் கவுண்டிச் சட்டையில் பெரிய பட்டம் எதுவும் வாய்க்கவில்லை. மன்ஸ்டர் அணியிலோ 8 ரயில்வே கோப்பைப் பதக்கங்கள் பெற்றார். 1942 முதல் 1963 வரை 18 பதக்கங்களைக் குவித்த கார்க்கின் கிறிஸ்டி ரிங்குக்குத் தோள்கொடுத்து ஆடினார். பிறந்த இடம் மறுத்த நீதியை மாகாண அணி வழங்கியது. இந்தப் போட்டிக்கு இதைவிடப் பெரிய நியாயம் தேவையில்லை.

ஆனால் அந்த நீதி நான்கு மாகாணங்களுக்கும் சமமாகக் கிட்டவில்லை. கானட்டில் ஹர்லிங் என்றால் கால்வே கவுண்டிதான். 1947-ல் கானட் முதன்முறையாகக் கோப்பையை வென்றபோதும் களத்தில் நின்றது கால்வே அணியே. அல்ஸ்டர் ஆன்ட்ரிம் கவுண்டியையே பெரிதும் நம்பியிருந்தது. ஹர்லிங்கில் அதற்கு ஒருமுறைகூடக் கோப்பை கிடைக்கவில்லை. பல கவுண்டிகளின் திறமையைத் திரட்டுவது என்ற கொள்கை மன்ஸ்டரிலும் லென்ஸ்டரிலும் மட்டுமே உயிரோடு இருந்தது. பட்டங்களில் மிகப் பெரும்பாலானவை அந்த இரண்டுக்கும் போனதில் வியப்பில்லை.

இன்னொரு குறை இன்னும் ஆழமானது. ஹர்லிங் ரசிகரின் பற்று முதலில் சொந்த ஊர்க் கழகத்தின் மீது, அடுத்துக் கவுண்டியின் மீது. கோடையில் கார்க்கும் டிப்பரேரியும் மோதினால் ஊரே கிளம்பும். அந்த இரண்டு அணிகளும் கலந்த மன்ஸ்டருக்காகத் தொண்டை கிழியக் கத்துபவர் குறைவு. 1971 முதல் நடக்கும் அகில அயர்லாந்துக் கழகப் போட்டி இதை வெளிச்சமாக்கியது. சில நூறு வீடுகள் கொண்ட ஊர்களுக்கும் குரோக் பார்க் கனவு பிறந்தது. காலப்போக்கில் பாட்ரிக் நாளும் கழகங்களின் நாளாயிற்று.

பாட்ரிக் நாளை இழந்தபின் ரயில்வே கோப்பை அலைந்தது. இலையுதிர் காலத்துக்கும் குளிர்காலத்துக்கும் தள்ளப்பட்டது. இறுதியாட்டம் 2003-ல் ரோமுக்கும் 2005-ல் பாஸ்டனுக்கும் 2009-ல் அபுதாபிக்கும் போனது. உள்ளூரில் வராத கூட்டத்தை வெளியூரில் தேடிய அந்த முயற்சிகள் நோயை விட்டு அறிகுறிக்கு மருந்திட்டவை. நெருக்கடியான ஆட்ட அட்டவணையே காரணம் என்று நிர்வாகிகள் சொல்வது பாதி உண்மைதான். மக்கள் விரும்பும் போட்டிக்கு அட்டவணையில் இடம் எப்படியும் கிடைத்துவிடும். அதே 2009-ல் கானட்டின் கால்வே கவுண்டி லென்ஸ்டர் மாகாணச் சாம்பியன்ஷிப்பில் ஆடத் தொடங்கியது. கோடையில் லென்ஸ்டர் பட்டத்துக்குப் போராடியவர்கள் பிறகு கானட் சட்டையில் லென்ஸ்டரையே எதிர்க்க வேண்டியிருந்தது. மாகாண எல்லை ஹர்லிங்கில் எவ்வளவு பொருளிழந்துவிட்டது என்பதற்கு வேறு சான்று வேண்டாம். 2016-ல் மன்ஸ்டர் வென்றதோடு ஹர்லிங் போட்டி நின்றது.

2024 அக்டோபரில் மாகாணப் போட்டி குரோக் பார்க்கில் மீண்டும் நடந்தது. ஆனால் அது ஹர்லிங்குக்காக அல்ல, அயர்லாந்தின் மற்றொரு மரபு ஆட்டமான கேலிக் கால்பந்தின் புதிய விதிகளைச் சோதிப்பதற்காக. ஸ்மித்தைப் போல நலிந்த கவுண்டியில் பிறந்தவர்களுக்கு இன்று மாற்று என்ன? இரண்டாம் நிலைக் கவுண்டிகளுக்கு 2018 முதல் ஜோ மெக்டோனா கோப்பை இருக்கிறது. பயனுள்ள போட்டிதான், ஆயினும் கெரி, கார்லோ, வெஸ்ட்மீத் வீரர்கள் அங்கே தம்மையொத்த அணிகளோடுதான் ஆடுகிறார்கள். லிமெரிக், கில்கென்னி நட்சத்திரங்களோடு ஒரே சட்டையில் ஆடும் வாய்ப்பு அவர்களுக்குப் பல்கலைக்கழகங்களின் ஃபிட்ஸ்கிப்பன் கோப்பையில் கிடைக்கிறது. படிப்பு முடிந்ததும் அதுவும் முடிந்துவிடுகிறது.