ஈரமான மேஜைவிரிப்பு

கப்பல் சரித்திரம் பேசுகிறவர்களில் தேர்ந்தவர் யாரென்பது, எண்களை அவர் எங்கே கைவிடுகிறார் என்பதில் தெரிந்துவிடும். சவுத்தாம்ப்டன் போன்ற துறைமுக ஊர்களில் இன்றும் இந்த மாலைப் பேச்சுகள் நடக்கின்றன: ஒரு திரை, கொஞ்சம் மங்கிய படங்கள், பெரும்பாலும் தலைநரைத்த கூட்டம். 1936இல் முதல் பயணம் போன ‘குவீன் மேரி’யின் நீளத்தையும் வேகத்தையும் நல்ல பேச்சாளர் ஒரே மூச்சில் தள்ளிவிடுவார். அட்லாண்டிக்கில் அது பக்கவாட்டில் ஆடிய ஆட்டத்துக்கு வந்த பிறகுதான் குரல் நிதானப்படும். தட்டுகள் வழுக்காமலிருக்கப் பணியாளர்கள் மேஜைவிரிப்பை ஈரப்படுத்தி வைப்பார்களாம். சொல்லிக்கொண்டே உள்ளங்கையால் துணியை நீவுவார், எதிரே மேஜையே இருக்காது. கைப்பிடி தேடும் பயணியாக அரையடி சாய்வார். சபையும் கூடவே சாயும்.

அடுத்த படத்துக்குப் போக அவருக்கு அவசரமே கிடையாது. அந்தப் பொறுமைதான் எனக்குப் பிடிக்கும். நான்கு புகைபோக்கிகளோடு டைட்டானிக் திரையில் வந்தாலும் பனிப்பாறைக்கு ஓடமாட்டார். நான்காவதில் கொதிகலன் புகை வராது, அது பெரும்பாலும் காற்றோட்டத்துக்கு என்று சொல்லி நிறுத்துவார். “அப்படியா” என்று ஒரு முணுமுணுப்பு எழும். பின்வரிசையில் பழைய கப்பல் பணியாளர் யாராவது இருந்தால் இன்னும் நல்லது: பேச்சாளரைத் திருத்த ஒரு கை உயரும், பாதிச் சுவை அங்கேதான்.